அது உங்கள் படம்தான் என்று காட்ட முடியுமா? ஏஐ காலத்தில் ஓவியர்களுக்கு ஒரு காப்பிரைட் கையேடு

2025 ஜனவரி முதல் வாரம். மதுரையில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் புது மாதக் காலண்டர். அதில் ஒரு பாட்டி மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காக்கை வராமல் இருக்கக் கட்டிய கறுப்புக் குடையில் மூன்று இடத்தில் கிழிசல். வேட்டி பறக்காமல் நான்கு மூலையிலும் செங்கல். இடது ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த ஒற்றைச் செருப்பு.

அந்தச் செருப்பு என் பையனுடையது. 2021இல் ஒரு சிறுவர் கதைப் புத்தகத்துக்காக அந்த மாடியை வரைந்தது நான்.

ஆனால் அது என் படத்தின் நகல் இல்லை. நிறம் பளிச்சென்று இருந்தது, பாட்டியின் முகம் உப்பியிருந்தது. நான் காதில் தண்டட்டி போட்டு வரைந்திருந்தேன். அந்த இடத்தில் ஏதோ பூ உருகி வழிந்ததுபோல் இருந்தது. தண்டட்டியைப் பார்த்தே இராத ஒன்று வரைந்த காது அது. யாரோ என் படத்தை ஒரு ஏஐ கருவிக்குள் போட்டு, "இதேபோல் ஒன்று" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். காலண்டரில் இருந்த ஏஜென்ட் நம்பரைப் பிடித்துப் பேசினேன். "கம்ப்யூட்டர் போட்ட படம்மா, யாரும் வரைஞ்சது இல்ல. அதுக்கு யார்ட்ட கேக்கணும்?" என்றார். பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. உண்மையாகவே அவர் அப்படித்தான் நம்பினார்.

மூன்று மாதத்தில் அந்த விவகாரம் முடிந்தது. அதற்குள் நான் கற்றுக்கொண்டதை வரைகிற, எழுதுகிற, பாடுகிற எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. 17 ஆண்டுகளாகப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். இங்கே சொல்வது இந்தியச் சட்டம், அதாவது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். உங்கள் பிரச்சினை பெரிது என்றால் வக்கீலிடம் போங்கள். போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் "பாணி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள்

நான் போய்ப் பார்த்த வக்கீல் அம்மாவிடம் சொன்ன முதல் வாக்கியம், "என் பாணியைத் திருடிட்டாங்க." அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "பாணிக்குச் சட்டத்தில் இடமில்லை. எந்தப் படம், அந்தப் படத்தில் இருந்து என்னென்ன அங்கே போயிருக்கு, அதைச் சொல்லுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரிகிறது. 2025 மார்ச்சில் எல்லோரும் தங்கள் கல்யாணப் படத்தை ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ கார்ட்டூன் படம்போல் மாற்றிப் போட்டார்களே, அப்போது உலகம் முழுக்க இந்தக் கேள்விதான் ஓடியது. ஒரு ஸ்டூடியோவின் வரையும் முறைக்கு காப்பிரைட் உண்டா? கிடையாது. நம் உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருத்துக்கும் கருவுக்கும் காப்பிரைட் இல்லை, அதை நீங்கள் வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ஆளுக்கு, இது அதன் நகல்தான் என்று அழுத்தமாகத் தோன்றினால் அது மீறல். பாணிக்கு உரிமை கொடுத்திருந்தால் எனக்குமே ஆபத்துதான். வாட்டர்கலரை ஈரத்தோடு ஓடவிடும் முறையை நானும் இன்னொருவரிடம் பார்த்துத்தான் பழகினேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது. இரண்டு படத்தையும் ஒரே அளவில் பிரிண்ட் எடுங்கள். உங்கள் படத்தின் மேல் பட்டர் பேப்பரை வைத்து முக்கியமான கோடுகளை எடுங்கள். அந்தத் தாளைத் தூக்கி அந்தப் படத்தின் மேல் வையுங்கள். எங்கெல்லாம் பொருந்துகிறதோ அங்கெல்லாம் எண் போடுங்கள். எனக்கு 11 வந்தது. அதில் வக்கீல் அம்மா நான்கை அடித்துவிட்டார். மாடியில் வடகம் காயப்போடுவது ஊரில் எல்லாரும் செய்வது. செங்கல்லும் குடையும்கூட அப்படியே. அவை யாருடையவும் இல்லை. குடையின் மூன்று கிழிசல் விழுந்த இடம், செருப்பு கவிழ்ந்த கோணம், நிழல் பாட்டியின் முழங்கையில் உடைந்து திரும்பும் விதம், கைப்பிடிச் சுவரில் காரை பெயர்ந்த வடிவம் ஆகியவை நின்றன. அவையெல்லாம் நான் எடுத்த முடிவுகள். என் வழக்கு அந்த ஏழு எண்களில்தான் நின்றது.

வரைந்த நிமிடமே உங்களுடையது

பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. படம் தாளிலோ ஃபைலிலோ வந்த நிமிடமே உரிமை வந்துவிடுகிறது. நீங்கள் வாழும் காலம் முழுக்க, அதற்குப் பின் 60 ஆண்டு. 1928இலேயே இந்தியா பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால் அதில் உள்ள மற்ற நாடுகளிலும் அந்த உரிமை செல்லும்.

அப்புறம், கையெழுத்து. பிரிவு 55 சொல்வது: வெளியான பிரதியில் படைத்தவர் என்று யார் பெயர் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கும்வரை அவரே படைத்தவர் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். என் அப்பா மதுரையில் சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை முடித்து வைக்கும்வரை, 20 அடி உயர முகத்தின் தாடைக்குக் கீழே தன் பெயரை மறக்காமல் எழுதுவார். "பேர் இல்லாத படம் அனாதைப் பிள்ளைடா" என்பார். அவருக்குப் பிரிவு 55 தெரியாது. ஆனால் சரியாகத்தான் செய்திருக்கிறார். உங்கள் பெயரை ஓரத்தில் வெட்டி எடுக்க முடியாத இடத்தில், படத்தின் உள்ளே எழுதுங்கள். நான் இப்போது வேட்டி மடிப்பிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் எழுதுகிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65பி. படைப்பில் இருக்கும் உரிமைத் தகவலை, அதாவது படைப்பின் தலைப்பு, படைத்தவர் பெயர், உரிமையாளர் பெயர் போன்றவற்றை, அனுமதி இல்லாமல் தெரிந்தே நீக்குவது தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வாட்டர்மார்க்கை அழித்துத் தரும் ஏஐ கருவிகள் இன்று போனிலேயே கிடைக்கின்றன. உங்கள் பெயர் அழிக்கப்பட்டிருந்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். நீங்கள் அனுப்பப்போகும் வக்கீல் நோட்டீஸில் அது கனமான வரி.

எழுதிக் கொடுக்கும் முன்

நம் ஆட்கள் அதிகம் தோற்கும் இடம் இதுதான். ஏஐ வருவதற்கு முன்பும் இங்கேதான் தோற்றோம்.

நீங்கள் ஃப்ரீலான்ஸ் ஓவியர், ஒரு பதிப்பாளர் காசு கொடுத்துப் படம் வரையச் சொல்கிறார். உரிமை யாருக்கு? பொதுவாக, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உங்களுக்கே. காசு கொடுத்ததாலேயே எல்லா வேலையிலும் உரிமை போய்விடாது. ஆனால் பிரிவு 17இல் விலக்குகள் உண்டு. ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன பெயின்டிங், உருவப்படம், எடுக்கச் சொன்ன புகைப்படம் போன்றவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். கல்யாணப் புகைப்படக்காரர்களும் பெயின்டிங், போர்ட்ரெய்ட் வரைபவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால் நிறுவனத்துக்கு. பத்திரிகை ஊழியர் என்றால் பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும் நிறுவனத்துக்கு, மற்றது வரைந்தவருக்கு.

உரிமையை மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் அது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், எந்த நாடு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பிரிவு 19 எடுத்துக்கொள்கிறது. பிரிவு 18இல் 2012இல் சேர்த்த ஒரு வரி நமக்கு ரொம்ப முக்கியம்: ஒப்பந்தம் போட்டபோது இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டில் வராத ஒரு ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ, பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் செல்லாது. 2014இல் "சகல உரிமைகளும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று தலையில் கை வைத்தவர்கள் இந்த வரியை வக்கீலிடம் காட்டுங்கள். ஏஐ பயிற்சிக்கு அந்தக் கையெழுத்து போதாது என்று வாதாட இது இடம் தருகிறது. இனிமேல் போடும் ஒப்பந்தத்துக்கு இந்த வாதம் உதவாது. ஏஐ இப்போது சந்தைக்கு வந்துவிட்டது. அதனால் நீங்கள்தான் எழுத்தில் தடுக்க வேண்டும்.

நான் இப்போது எல்லா வேலைக்கும் சேர்க்கும் பத்தி இது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

"இந்தப் படங்களை மேற்குறித்த நூலின் அச்சு, மின்னூல் பதிப்புகளிலும் அந்நூலின் விளம்பரத்திலும் இந்தியாவுக்குள் 5 ஆண்டுகளுக்குப் பயன்படுத்த மட்டும் உரிமம் தரப்படுகிறது. பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். ஓவியரின் தனி எழுத்து அனுமதி இல்லாமல் இப்படங்களை எந்தச் செயற்கை நுண்ணறிவு அமைப்பையும் பயிற்றுவிக்கவோ, அத்தகைய அமைப்பில் உள்ளீடாகக் கொடுத்து மாற்றவோ, புதிய படம் உருவாக்கவோ, பிறர் அப்படிச் செய்யக் கொடுக்கவோ கூடாது."

"உள்ளீடாகக் கொடுத்து" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். பயிற்சியை மட்டும் தடுத்தால், உங்கள் அட்டைப்படத்தை ஏஐயில் போட்டு இரண்டாம் பாகத்துக்கு அட்டை செய்துகொள்வார்கள். பதிப்பாளர்கள் முறைப்பார்களோ என்று முதலில் பயந்தேன். இதுவரை ஏழு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருவர் மட்டும் மறுத்தார். அந்த வேலையை விட்டுவிட்டேன்.

உரிமையை விற்றுவிட்டாலும் கையில் மிஞ்சும் ஒன்று உண்டு. பிரிவு 57, படைத்தவரின் தனி உரிமை. இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், என் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைக்காதே என்று தடுக்கும் உரிமையும். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசாங்கம் 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. சிற்பம் அரசின் சொத்துதான், காசும் கொடுத்தாகிவிட்டது. இருந்தும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சியதை அவரிடம் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. என் பாட்டியின் தண்டட்டி உருகியதற்கும் நோட்டீஸில் இந்தப் பிரிவைத்தான் போட்டோம்.

சாட்சி அலமாரி

உரிமை தானாக வரும், சாட்சி தானாக வராது. காலண்டரை அச்சிட்டவரின் வக்கீல் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்க படம்தான் முதல்ல வந்ததுன்னு என்ன ஆதாரம்?" என்னிடம் இருந்தது தற்செயல். 2021இல் பென்சில் ஸ்கெட்ச்சை பதிப்பாளருக்கு மெயில் அனுப்பியிருந்தேன். திருத்தம் கேட்டு அவர் பதில் போட்டிருந்தார். லேயர்கள், அதாவது படத்தின் அடுக்குகள், தனித்தனியாக உள்ள மூல ஃபைல் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடந்தது. செருப்பைப் பார்த்து வரைய எடுத்த போன் படமும் இருந்தது, தேதியோடு. அந்தப் போன் படம்தான் பேச்சையே மாற்றியது. ஏஐயில் படம் எடுத்தவரிடம் செருப்பு இருக்காதே!

இப்போது தற்செயலுக்கு விடுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர்: முதல் கிறுக்கல், இடைநிலை இரண்டு மூன்று, பார்த்து வரைந்த படங்கள், லேயர் உள்ள மூல ஃபைல், அனுப்பிய மெயில், பில், வங்கியில் பணம் வந்த பக்கம். தாளில் வரைபவர்கள் அசலின் பின்பக்கம் தேதி போட்டு, வரையும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள். முடிந்த ஃபைலை உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். நான்கு ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது.

நீதிமன்றத்துக்குப் போகும்போது மின்னணுச் சாட்சிக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63படி அதில் ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். இலவச மென்பொருளிலேயே எடுக்கலாம். படம் முடித்த அன்றே எடுத்து அந்த மெயிலில் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

பதிவு கட்டாயம் இல்லை என்றேன். ஆனாலும் முக்கியமான படங்களைப் பதியுங்கள். பதிவேட்டில் இருப்பது முதல் பார்வைக்கே சாட்சியாகிவிடும் என்கிறது பிரிவு 48. டெல்லியில் உள்ள காப்பிரைட் அலுவலகத்தின் இணையதளத்திலேயே படிவம் 14ஐ நிரப்பலாம். ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். லேபிள், பாக்கெட் போலப் பொருளோடு பயன்படக்கூடிய ஓவியம் என்றால் 2,000. அதற்கு டிரேட்மார்க் அலுவலகச் சான்றும் சேர்க்க வேண்டும். விண்ணப்பித்ததும் ஒரு டைரி எண் வரும். யாராவது ஆட்சேபிக்க 30 நாள் விடுவார்கள், அப்புறம்தான் பரிசீலனை. எல்லாப் படத்தையும் பதிய யாரிடம் காசிருக்கிறது? நான் ஆண்டுக்கு நான்கு தேர்ந்தெடுக்கிறேன்: அதிகம் பகிரப்படுவது, காலண்டர்காரர்கள் கண்ணில் படக்கூடியது.

பதிவின் அருமைக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. புத்தகங்களைத் திருட்டு இணைய நூலகங்களில் இருந்து இறக்கியதற்காக ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2025இல் அமெரிக்காவில் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். அந்தப் பட்டியலில் இடம்பெற, புத்தகம் அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகத்தில் குறித்த காலத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும். இறக்கப்பட்டும் பதிவில்லாததால் ஒரு பைசா வராத புத்தகங்கள் உண்டு. உங்கள் புத்தகம் அமெரிக்காவில் விற்கிறது என்றால் அங்கேயும் பதிவதைப் பற்றி யோசியுங்கள்.

இணையத்தில் போடும்போது

முழு அளவு ஃபைலை எங்கும் போடாதீர்கள். நீளப் பக்கம் 1,200 பிக்சல் போதும். போனில் நன்றாகத் தெரியும், அச்சுக்கு ஆகாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உருவான கிளேஸ், நைட்ஷேட் என்ற இரண்டு மென்பொருள்கள் இலவசம். கிளேஸ் உங்கள் படத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மாற்றம் செய்து, ஏஐ உங்கள் பாணியைக் கற்பதைக் குழப்பும். நைட்ஷேட் இன்னும் ஒரு படி மேலே போய், பயிற்சிக்கு எடுத்தால் அந்த ஏஐயையே தவறாகக் கற்க வைக்கப் பார்க்கும். இவற்றை மீறும் வழிகளையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பூட்டு என்று நம்ப வேண்டாம், வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் பாணியைக் காக்காத இடத்தில் இந்த வேலியாவது இருக்கட்டும். சொந்த இணையதளம் இருந்தால், ஏஐ நிறுவனங்களின் தேடு ரோபோக்கள் உள்ளே வரக்கூடாது என்று ரோபாட்ஸ் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். தளம் செய்து கொடுத்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

உங்கள் படத்தை வெளியே பார்த்துவிட்டீர்கள்

முதல் நாள் யாரையும் திட்டிப் பதிவு போடாதீர்கள். நான் போடப் போனேன், தோழி போனைப் பிடுங்கிவிட்டாள். திட்டினால் அவர்கள் அழித்துவிடுவார்கள், சாட்சி போய்விடும். முதலில் வாங்குங்கள். அந்தக் காலண்டரில் இரண்டு பிரதி வாங்கினேன், ஒன்றுக்குக் கடைக்காரரிடம் பில் வாங்கினேன். இணையத்தில் என்றால் முகவரியும் தேதியும் தெரியும்படி முழுத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பிறகு சங்கிலியைப் பிடியுங்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பம் வெளியாகும். ஏஜென்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுப்பார்கள். மளிகைக் கடை அண்ணாச்சிக்குப் படம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வழியே இல்லை. அவரைத் தாக்குவதில் நியாயமும் இல்லை, பலனும் இல்லை. அவர் வழியாக ஏஜென்ட், ஏஜென்ட் வழியாக டிசைன் செய்தவர், அங்கிருந்து அச்சிட்டவர். நோட்டீஸ் கடைசி இருவருக்கு மட்டும் போனது.

ஏஐ செய்தது என்பதால் மீறல் மறைந்துவிடாது. இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். என் படத்தை உள்ளே கொடுத்தது ஒரு மனிதர். வந்ததை அச்சிட்டு விற்றது இன்னொரு மனிதர். நகலெடுப்பது, மாற்றி அமைப்பது, பொதுமக்களுக்குக் கொடுப்பது மூன்றுமே பிரிவு 14படி என் உரிமைகள். நடுவில் எந்தக் கருவி இருந்தது என்பது அவர்கள் கவலை.

நோட்டீஸில் என்ன இருக்க வேண்டும்? உங்கள் படம் எது, எப்போது எங்கே வெளியானது, அவர்களுடையது எது, எண் போட்ட ஒப்பீடு, என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். ஆதாரம் இல்லாமல் மிரட்டாதீர்கள்; அடிப்படை இல்லாத மிரட்டலுக்கு எதிராக அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போடப் பிரிவு 60 இடம் தருகிறது. அதனால்தான் அந்த பட்டர் பேப்பர் வேலையை முதலில் முடிக்கச் சொன்னேன்.

படம் இணையத்தில் இருந்தால் இன்னொரு வழி. பிரிவு 52(1)(சி), 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளில் விதி 75. தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால், உரிய விவரங்கள் இருக்கும்பட்சத்தில் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். முடக்கம் 21 நாளுக்கு. அதற்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு பெற்றுத் தராவிட்டால் அவர்கள் திரும்ப வைத்துவிடலாம். ஆகவே புகார் கொடுக்கும் முன்பே வக்கீலிடம் பேசிவிடுங்கள். அமெரிக்கத் தளங்கள் என்றால் அவற்றின் காப்பிரைட் புகார்ப் படிவமே பெரும்பாலும் வேகமான வழி.

வழக்கு என்று வந்தால் எதிராளி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். பிரிவு 62 தரும் இந்த வசதி நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய பலம். தடையாணை, இழப்பீடு, அவர்கள் சம்பாதித்ததன் கணக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். இழப்பீடு கேட்க 3 ஆண்டு கெடு. தெரிந்தே செய்த மீறல் என்றால் பிரிவு 63படி குற்றமும் ஆகும்: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2022இல் உச்ச நீதிமன்றம் இதைப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீன் உரிமை இல்லாத குற்றம் என்று சொல்லிவிட்டது. இருந்தாலும் எடுத்ததும் போலீசுக்கு ஓடாதீர்கள். டிசைன் செய்தவன் 22 வயதுப் பையன், ஒரு நாளைக்கு 30 படம் முடித்தாக வேண்டிய வேலை. அவனை உள்ளே வைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

என் விஷயம் நீதிமன்றம் போகவில்லை. மீதி இருந்த பிரதிகளை அனுப்புவதை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு ஆல்பத்தில் இருந்து எடுத்தார்கள், எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள், ஒரு படத்துக்கு நான் வாங்கும் கூலியின் மூன்று மடங்கு தந்தார்கள். ஏஜென்ட் அண்ணாச்சி போன் செய்து, "அடுத்த ஆடிக்கு ரெண்டு படம் நீயே போட்டுக் குடேன்ம்மா" என்றார். கொடுத்தேன், அந்த ஒப்பந்தப் பத்தியோடு.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது பற்றி

என் ஒரு படத்தை உள்ளே போட்டு இன்னொரு படம் எடுத்த கதை வேறு. கோடிக்கணக்கான படங்களை இணையத்தில் இருந்து அள்ளி ஏஐயைப் பயிற்றுவிக்கிறார்களே, அது வேறு. லயான் என்ற ஒரு தொகுப்பில் மட்டும் 585 கோடி படங்களின் முகவரியும் விளக்கமும் இருந்தன. ஓவியத்தை மின்னணு முறையில் சேமித்து வைப்பதும் உரிமையாளரின் உரிமை என்று நம் பிரிவு 14 சொல்கிறது. ஆகவே பயிற்சிக்கு எடுத்த நகலும் மீறல்தான் என்பது நம் பக்க வாதம். ஆராய்ச்சிக்கான நியாயமான பயன்பாடு என்பது எதிர்வாதம். ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மீது 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு இந்தக் கேள்வியைத்தான் நேராகக் கேட்கிறது.

2025 டிசம்பரில் மத்திய அரசில் தொழில், உள்நாட்டு வணிக வளர்ச்சியைப் பார்க்கும் டிபிஐஐடி துறை ஒரு அறிக்கை வெளியிட்டது. வெளியிட்ட படைப்புகளை ஏஐ நிறுவனங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஓர் அமைப்பு வழியாகப் படைத்தவர்களுக்கு ராயல்டி தர வேண்டும் என்பது அதன் யோசனை. மறுக்கும் உரிமை படைத்தவருக்கு இருக்காது. எனக்கு இதில் உடன்பாடில்லை. விலை கிடைப்பது நல்லதுதான். ஆனால் மாட்டேன் என்று சொல்ல முடியாத விற்பனை, விற்பனை இல்லை. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். எப்படி இருந்தாலும் உங்கள் பெயரில் உங்கள் படங்களின் பட்டியல் ஒன்று இப்போதே வைத்திருங்கள்: தலைப்பு, ஆண்டு, எங்கே வெளியானது, உரிமை யாரிடம். பணம் பிரிக்கும் நாள் வந்தால் பட்டியல் உள்ளவருக்குத்தான் அது வந்து சேரும்.

நீங்களே ஏஐ பயன்படுத்தினால்

1994இல் சேர்த்த பிரிவு 2(டி)(6), கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்த நபரே ஆசிரியர் என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, நான்கு வரி எழுதி வாங்கிய படமும் என்னுடையது என்று சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு எளிதில்லை. ராகவ் என்ற ஏஐ மென்பொருளை இணை ஆசிரியராகக் காட்டிய ஓர் ஓவியத்தை நம் காப்பிரைட் அலுவலகம் 2020இல் பதிந்துவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெறுவதாக நோட்டீஸ் அனுப்பியது. அதே ஓவியத்தை அமெரிக்க அலுவலகம் 2023இல் மறுத்தது. மனிதன் செய்த பங்கைத் தனியாகக் காட்ட முடியாவிட்டால் உரிமை ஆட்டம் காணும். நான் நிறக் கலவை பார்க்க மட்டும் பயன்படுத்துகிறேன், கோடு என் கையில். அதையும் பதிப்பாளரிடம் சொல்லிவிடுகிறேன்.

பாடகர்களுக்கு ஒரு வரி. குரலுக்குத் தனியாகக் காப்பிரைட் கிடையாது. ஆனால் அரிஜித் சிங் வழக்கில் 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம், அனுமதி இல்லாமல் அவர் குரலை ஏஐயில் உருவாக்கித் தருவதைத் தடுத்தது. அதே ஆண்டு 'லால் சலாம்' பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரகுமான் கொண்டுவந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். கேட்கிற முறை அதுதான்.

கடைசியாக, வீட்டில் ஒருவருக்காவது ஹார்ட் டிஸ்க் எங்கே, ஒப்பந்தங்கள் எங்கே என்று சொல்லி வையுங்கள். உயிலில் பதிப்புரிமையையும் சேருங்கள். அப்பா 2016இல் போனார். பேனர்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தாலும் காசு கொடுத்து வரையச் சொன்ன நடிகர் முகங்களுக்கு அவர் உரிமையாளரா என்பது சந்தேகமே. ஆனால் வேலை இல்லாத நாட்களில் அவர் தனக்காக வரைந்த நான்கு நோட்டுகள் பரணில் கிடைத்தன: வைகைக் கரை, சித்திரைத் திருவிழாக் கூட்டம், அம்மா அரிசி புடைப்பது. அவற்றின் உரிமை 2076 டிசம்பர் 31 வரை எனக்கும் அண்ணனுக்கும். ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து தேதியும் பெயரும் போட்டு வைக்கிறேன். இரண்டு நோட்டு முடிந்திருக்கிறது.